குறை: உர்ர்

முதல்முறை ஆட்டோவில் வந்தது,
பழைய பெட்ஷீட் சுற்றி, அவர் மடியில்.
பதினோரு கிலோ.
"உர்ர்ங்குது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

திலோத்தமா, மந்தைவெளி.
உயர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர்.
ரசீதில் எழுதினேன்:
ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். ஜப்பான், 1974.
குறை: உர்ர்.

மூடியைக் கழற்றினால்
கடற்காற்று இத்தனை வருடமும்
செம்பில் பச்சையாய்க் கிறுக்கிப் பழகியிருந்தது.
டிரான்ஸ்ஃபார்மர் கதகதப்பில்
ஒரு கரப்பான் தூங்கியவாக்கில் காய்ந்திருந்தது.
பெரிய கெப்பாசிட்டர் இரண்டும்
பந்தியில் பாயசம் கிடைக்காத சம்பந்திகள்போல
முகம் உப்பி நின்றன.

ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினேன்.
புது உறைக்குள் பழசை நுழைத்து விற்பார்கள்.
வெண்டைக்காய்க்கு நுனி,
கெப்பாசிட்டருக்கு எடை.
கனத்தால்தான் காசை எடுப்பேன்.

இடக்கை சட்டைப்பையிலேயே இருக்கட்டும்:
நெஞ்சு வழியாகக் குறுக்கே போக
கரண்டுக்கு வழிவிடாமல்
எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.
நூறு வாட் பல்பைப் பாதையில் காவலுக்கு நிறுத்தி
சுவிட்சைத் தட்டினேன்.
பளிச்சென்று எரிந்தால் உள்ளே கேடு.
எரிந்தது, யோசித்தது, மங்கி அடங்கியது.
ஸ்பீக்கரில் காதை வைத்தேன்.
பஞ்சு.

இரண்டே நாள். போனை ஸ்பீக்கரருகே பிடித்து
"கேளுங்க."
உர்ர்.

மறுபடி பெட்ஷீட், மறுபடி ஆட்டோ.
சால்டரை எல்லாம் உருக்கி மறுபடி வைத்தேன்.
என் மேஜையில் அது வாயே திறக்கவில்லை.
"சாட்சி மாதிரிதான் சார்" என்றார்.
"வக்கீல் ரூம்ல ஒண்ணு சொல்லும்,
கூண்டுல ஏறுனா வேற."

மூன்றாம் முறை நானே போனேன்.
மே மாதம். லாரி வரும் நாள்.
குடங்கள் வாசலிலிருந்து முனைவரை,
பச்சை, ஆரஞ்சு, ஒன்றின் கழுத்தில் மட்டும் ரிப்பன்.

சுவர் பிளக்கில் மீட்டர் முனைகளை வைத்தேன்.
நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே
பதினான்கு வோல்ட்.
இரண்டைத் தாண்டக்கூடாது.

பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்,
மீட்டர் பெட்டி தாண்டி, பைக்குகள் பின்னால்,
ஒரு சிமென்ட் மூடி வரை.
தூக்கினால் குழி. துரு ஏறிய குழாய்.
கரி உதிர்ந்து, உப்பு எந்த மழையிலோ கரைந்து,
மண் நாக்கு வறண்டு வெடித்திருந்தது.

"தண்ணி வேணும்."
"எவ்ளோ?"
"ரெண்டு வாளி."
கைமாற்று கேட்டவனைப்போல என்னைப் பார்த்தார்.
பிறகு மாடிக்குப் போய்
ஆர்ஓ கழித்துத் தள்ளிய தண்ணீரைத் தூக்கிவந்தார்,
பாத்திரம் கழுவ வைத்திருந்தது.
நமக்குக் கரிக்கும்.
குழிக்கு இளநீர்.

ஊற்ற ஊற்ற மண் சத்தம்போட்டுக் குடித்தது.
கீழ்வீட்டு ஜபீன் ஜன்னலிலிருந்து:
"அங்க செடி ஒண்ணும் இல்லியேக்கா?"
"இல்ல" என்றார் இவர்,
மிச்சத்தையும் கவிழ்த்தபடி.

ஒன்பது.
நான்கு.
ஒன்றரை.

மேலே ஏறி சுவிட்சைப் போட்டோம்.
ஒன்றும் கேட்கவில்லை.
அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டது:
ஃபிரிட்ஜ் மூச்சுவிடுவது,
லாரிக் குழாயிலிருந்து யாரோ யாரையோ ஏசுவது,
சுவரில் டிக், டிக்.
"ஓ, இது ஓடுதா?" என்று
கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன்.
இன்னும் கொஞ்சம்.
இடப்பக்கம், அடியாழத்தில்,
சூடான வாணலியில் நாலே நாலு அரிசி.
உர்ர் இத்தனை நாள் அதன்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறது.
இரண்டுபேருக்கும் கேட்டது.
இரண்டுபேரும் கேட்காததுபோல்
ஒரு நிமிடம் இருந்தோம்.

ரசீது புத்தகத்தைத் திறந்தேன். குறை:
"எப்படி எழுதறது இத?"
பென்சிலை வாங்கி
ஒரு கொக்கி, அதன் வாலில் புள்ளி,
கோட்டுக்குச் சற்று மேலே போட்டார்.

எனக்கு அந்த எழுத்து தெரியாது.
மேஜைக்கு எதிரே குத்தி வைத்திருக்கிறேன்.
அதே சத்தம்தான்.