இரண்டாம் காட்சிக்கு நிற்பவர்கள்

ஆமர் வீதிப் பக்கம்
ஒரு பழைய தியேட்டரில்
கை மட்டும் நுழையும் ஓட்டைக்குப் பின்னால்
பதினொரு வருடமாக இருக்கிறேன்.
முதல் காட்சி முடியும் நேரம்தான்
எனக்கு டிக்கட் கிழிக்கும் நேரம்.
ஆகையால் எந்தப் படத்தின் முடிவையும்
நான் பார்த்ததில்லை.

வில்லன் செத்தானா இல்லையா என்பதை
வெளியே வருகிறவர்கள்
சாரத்தை மடித்துக் கட்டும் வேகத்தில் அறிவேன்.

வாசல் ஒன்றுதான்.
வருகிறவர்களும் போகிறவர்களும்
தோள் உரசும் அந்த இரண்டு நிமிடத்தில்
கேள்வியும் ஒன்றுதான்:
"படம் எப்படி?"

"பாக்கலாம்."
"பாட்டு மட்டும்."
"போன கிழமைப் படத்துக்கு இது எவ்வளவோ மேல்."
"ஏசி வேலை செய்யுது."
ஒருவன் ஒன்றும் சொல்லாமல்
தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான்.
அவனுக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரில்
இரண்டு பேர் கொத்துக் கடைக்குத் திரும்பினார்கள்.
மூன்று வருடம் யாரோ எடுத்த படம்.

கிராண்ட்பாஸிலிருந்து வரும் நிலந்த
வசனம் பாதி விளங்காமல் பார்ப்பவன்.
நண்பர்களுக்குச் சிங்களத்தில் நெடுநேரம் விளக்கிவிட்டு
எனக்காகத் தமிழில் ஒருதரம் சொல்வான்:
"சண்டை நல்லம், அக்கா.
அம்மா சாகிறது நல்லமில்லை."

கன்டீனில் லோகேஸ்வரி
பெரிய திரைக்கு முதுகு காட்டி
போனில் நாடகம் பார்ப்பாள்.
வடைக்குக் காசு வாங்கும்போதும்
கண் எடுக்கமாட்டாள்.
முடிந்ததும் தினமும் அதே தீர்ப்பு:
"இண்டைக்கும் ஒண்டும் நடக்கேல்லை."
எண்ணூற்று நாற்பது எபிசோட்.
பிறகேன் பாக்கிறீங்கள் என்றேன்.
"நடக்கிற அண்டைக்கு
நான் இல்லாமல் போனால்?"

பஞ்சிகாவத்தையில்
உதிரிப்பாகம் விற்கும் உவைஸ் நானாவுக்கு
வெள்ளி இரவு, கடைசி வரிசை, ஓரக் கதிரை.
எல்லாப் படத்துக்கும் அவருக்கு ஒரே சொல்:
"நீளம்."
ஒன்றரை மணி நேரப் படத்துக்கும் நீளம்.
ரீல் அறுந்து பாதியில் நின்ற அன்றும்
காசைத் திருப்பி வாங்கியபடி
நீளம் என்றார்.
மனுசி ஆஸ்பத்திரியில் கிடந்த மாசி மாதம்
வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கதிரை
விற்காமல் கிடந்தது.
பிறகு ஒருநாள் வந்தார்.
என்ன படம் என்று கேட்கவுமில்லை.
மூன்றேகால் மணி நேரம் ஓடி
நாய்கூட எழுந்துபோன படம் அது.
வெளிச்சம் போட்டபின்னும் உட்கார்ந்திருந்து
கடைசியாக வந்தவரிடம்
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
"காணா," என்றார்.
திரீவீல் ஒன்றும் பிடிக்காமல்
மழையில் நடந்தே போனார்.

போன பௌர்ணமிக்கு எனக்கு லீவு.
காசு கொடுத்து, மற்றவர்களைப் போல
நடு வரிசையில் இருந்து
ஒரு படத்தை முழுசாகப் பார்த்தேன்.
கடைசிக் காட்சியில் அவள்
கதவைத் திறக்காமல்
சாவியை மட்டும் கைமாற்றிக் கைமாற்றி நிற்பாள்.
நெஞ்சுக்குள் என்னவோ இறங்கியது.
அதை யாரிடமாவது சொல்லவேண்டும்,
ஒரு சொல் விடாமல்,
அந்தச் சாவி மினுங்கியதுவரை சொல்லவேண்டும் என்று
படிக்கட்டில் இறங்கும்போதே
வசனம் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

வாசலில் கூட்டம்.
முன்னால் ஒரு பெடியன்,
கையில் கசங்கிய ஆயிரம் ரூபாய்.
"அன்ரி, படம் எப்படி?"

பின்னால் தள்ளினார்கள்.
நூற்றி முப்பத்தெட்டு
சந்தியில் ஹோர்ன் அடித்தது.

"பரவாயில்லை" என்றேன்.
"இடைவேளைக்குப் பிறகு
கொஞ்சம் இழுவை."

அவன் ஓட்டைக்குள் கையை நீட்டினானா
கொத்துக் கடைக்குப் போனானா,
பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன்.
லொறி ஒன்று மறைத்துவிட்டது.