ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டர்

மொகுதூம் அடித்த பந்து கடலில் விழுந்தது என்பார்கள்.
எண்பத்து நாலில், பஹ்ரைனில், ஹித்தில்,
ஒரு வெள்ளிக்கிழமை,
கம்பெனி அணிகளின் இறுதி ஆட்டத்தில்
கடைசி ஓவரில்.
கடைசிப் பந்தில் என்கிறவர்களும் உண்டு.
அவர்களுக்கு நான் டீ வாங்கித் தருவதில்லை.

கீழக்கரைக்காரர் என்பது மட்டும் உறுதி.
போட்டோ ஒன்றுகூட இல்லை.
இடது கையா வலது கையா என்பதிலேயே
கேம்ப்பில் இரண்டு கட்சி.

நான் தொண்ணூற்றாறில் பிறந்தவன்.
சர்வே கம்பெனியில் கருவி தூக்குகிறேன்.
அளக்காததை எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அதனால்தான் சொன்னேன்,
கோல்ட் ஸ்டோர் வாசலில், நாலு பேர் முன்னால்:
எல்லாம் பில்டப்பு.
அந்தக் காலத்தில் பந்து போட்டவன் எவன்?
பகலெல்லாம் சிமெண்ட் சுமந்தவன்
டேப் சுற்றிய டென்னிஸ் பந்தை உருட்டி விட்டிருப்பான்.
நம் தவுலத் கான் போடும் யார்க்கருக்கு
உங்கள் மொகுதூம்
ஸ்டம்பைப் பொறுக்கிக்கொண்டு ரூமுக்குப் போயிருப்பார்.

யாரும் அடிக்க வரவில்லை.
ரெங்கசாமி மட்டும் சமோசாவைக் கீழே வைத்தான்.
"நீ பார்த்தியா?"
"நீ பார்த்தியா?"
அவன் தொண்ணூற்றெட்டு.
போகாத கல்யாணத்துச் சாம்பாரில்
உப்பைப் பற்றி
இரவு பதினோரு மணி வரை சண்டை.

மறுநாள், வெயில் ஏறுமுன்,
பிட்ச் இருந்ததாகச் சொல்லும் இடத்தில்,
இப்போது டயர் கடையின் பின்புறம்,
ஜிபிஎஸ் கம்பை நட்டேன்.
பிறகு நடந்துபோய்க் கடலோரம் நட்டேன்.
நடுவில் இரண்டு கிடங்கு, ஒரு ரவுண்டானா,
ஒட்டகம் வரைந்த பஸ் நிறுத்தம்.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டர்.
திரையைப் படம் பிடித்து ரெங்கசாமிக்கு அனுப்பினேன்,
சிரிப்புப் பொம்மை மூன்று சேர்த்து.

அவன் பதில் போடவில்லை.

அப்புறம் ஒரு செவ்வாய், வேறு எதையோ தேடி
ஆபீஸ் இரும்பு அலமாரியைக் குடைந்தேன்.
எண்பத்து மூன்றின் வரைபடம்.
ஓரத்தைக் கரப்பான் தின்றிருந்தது.
டயர் கடையைத் தேடினேன், இல்லை.
ரவுண்டானா இருக்க வேண்டிய இடத்தில்
நீல மையில் ஒரு மீன்பொறி.
கடலுக்குள்.
நான் கம்பு நட்ட மண்ணெல்லாம்
எனக்கு முன்னோ பின்னோ
கப்பல் உறிஞ்சித் துப்பிய மண்.

ஸ்கேலை வைத்தேன்.
அறுபத்தொன்று.

அறுபத்தொரு மீட்டர் பெரிய அடி இல்லை.
போன மாதம் நானே அறுபத்தைந்து அடித்தேன்.
தண்ணீர் லாரியின் கண்ணாடி சாட்சி.
ஆனால் அந்தக் கரைக்கோடு
ஓதம் ஏறியிருக்கும்போது போட்ட கோடு.
வற்றினால் இந்தப் பக்கத்துக் கடல்
முந்நூறு மீட்டர் பின்வாங்கி
சேறும் சிப்பியுமாகக் கிடக்குமாம்.
அந்த வெள்ளிக்கிழமை, அந்த ஓவரில்,
ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா?
ஸ்கோர் எழுதியவன் அதை எழுதவில்லை.
காற்று எந்தப் பக்கம் என்றும் இல்லை.
பந்து போட்டவன் பேரும் இல்லை.

ஹம்சக்காவிடம் போனேன்.
அப்போது கடைப் பையன், இப்போது கடைக்காரர்.
அன்றைக்கு அங்கிருந்து
இன்றைக்கும் இங்கிருப்பவர் அவர் ஒருவர்தான்.
தயிர் டப்பா அடுக்கியபடி சொன்னார்:
சத்தம் கேட்டதாம்.
ஐஸ் பெட்டிக்குள் குனிந்திருந்தாராம்.
நிமிர்ந்தால்
எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

"பந்து?"

"பந்து ஞான் கண்டில்ல மோனே.
அதைத் தேடி நாலு பேர் பேண்ட்டோட இறங்கினாங்க.
ஈரத்தோட வந்து பெப்சி குடிச்சாங்க.
ரெண்டு பேர் காசு தரல்ல."

ஈரம் முழங்கால் வரையா, இடுப்பு வரையா என்று கேட்டேன்.
அவர் விலைச்சீட்டு ஒட்டப் போய்விட்டார்.

இப்போதும் பில்டப்பு என்றுதான் சொல்கிறேன்,
முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக.
ரெங்கசாமி சமோசாவைக் கீழே வைப்பதில்லை.