முன்கை, பக்கவாட்டுப் படம்

நவம்பரில் போன சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான்
ஹம்மர்ஃபெஸ்ட்டுக்குத் திரும்பும்.
அதுவரை எக்ஸ்ரே திரைதான் எங்களுக்குப் பகல்.

இன்று பதினொரு பேர் வரிசையில்.
தபால்காரர் வழுக்கிய இடத்திலேயே
அவரைத் தூக்கப்போன ரொட்டிக்கடைக்காரரும்.

ஐலிஃபுக்கு எட்டு வயது, மணிக்கட்டு.
எலும்பின் நுனியருகே ஒரு கருங்கோடு.
"அங்கேயா உடைந்தது?" என்று அப்பா பதறினார்.
இல்லை, அங்கேதான் வளர்கிறான்.
குருத்தெலும்பு படத்தில் இருட்டாகத்தான் விழும்.
அவன் கைக்கு இன்னும் எட்டாத அலமாரிகளெல்லாம்
அந்த இடுக்கில் இருக்கின்றன.
உடைந்தது சற்றுத் தள்ளி:
பச்சைக் குச்சியைப் போல ஒரு பக்கம் பிளந்து,
மறுபக்கம் விடமாட்டேன் என்று.

வளர்ந்து முடிந்தாலும் வேலை முடிவதில்லை.
ஒரு கூட்டம் அரித்துக்கொண்டே போக
இன்னொரு கூட்டம் பின்னாலேயே பூசிக்கொண்டு வரும்.
கரையானும் கொத்தனாரும் ஒரே வீட்டில் குடித்தனம்.
மீன்பெட்டி தூக்குகிறவர்களுக்குச் சுமக்கச் சுமக்கத் தடிக்கும்.
மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால்
உடம்பு கணக்குப் பார்க்கும்,
கொடுத்த சுண்ணாம்பைத் திருப்பிக் கேட்கும்.

பத்தாவதாக குன்வோர்.
மீன் ஆலையில் கத்தி பிடிக்கிற கை.
பஸ் நிறுத்தத்தில் வழுக்கியது என்றாள்.
வழுக்கியதுதான்.
மணிக்கட்டும் அதையே சொன்னது.

ஆனால் மேலே, முன்கையின் நடுவில்,
சுண்டுவிரல் பக்கத்து எலும்பில்
ஒரு பழைய முடிச்சு.
கட்டுப் போட யாரும் இல்லாமல்
தானாகக் கோணலாகக் கூடியிருந்தது.

விழுகிறவர்களுக்கு அங்கே உடைவது அபூர்வம்.
ஓங்கிய கைக்கு முன்னால்
முகத்தை மறைக்க உயர்கிற கைக்கு
அங்கேதான் படும்.

"இது எப்போது?"
"அதுவும் பனிக்கட்டிதான்."
"எந்த மாதம்?"
தேதிகளில் கறாரானவள் போலும்,
யோசித்து, "ஜூலை" என்றாள்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் கேட்டது.
ஜூலையில் எங்களுக்கு ராத்திரியே கிடையாது.

காதுக்குள் மூன்று எலும்புகள், அரிசிமணி போல.
பிறக்கும்போதே முழு அளவு.
மற்றவற்றைப் போல இடித்து இடித்துக் கட்டப்படுவதில்லை.
அடி வாங்கிய கை
இத்தனை வருடத்தில் பாதி வேறு கையாகியிருக்கும்.
அன்றைக்குக் கேட்ட எலும்புகள் மட்டும்
அதேதான்.

வெளியே நாற்காலியில்
அவளுடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர்.
நேர்த்தியாக மடித்திருந்தார்.
"இன்னும் ஒரு படம் எடுக்க வேண்டும், நேரமாகும்."
தலையசைத்தார், மரியாதையாகவே.

எடுக்க ஒன்றுமில்லை.
கதவைச் சாத்தி,
இயந்திரத்தை அணைத்து,
ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.
ஈயக் கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டேன்;
அதன் கனத்தோடே உட்கார்ந்தேன்.

பதினொன்றாவது ஆள் காத்திருக்கட்டும்.