இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்டை

இலவம்பாடியில் ஒரே சுவருக்கு
இரண்டு கதவு.
முதல் கதவில் துரைக்கண்ணு, நூற்று எழுபது.
அடுத்ததில் தம்பி சாரங்கபாணி,
நூற்று அறுபத்தெட்டு.
யாருக்கு எந்த நாள் மோட்டார் என்று
எட்டு வருஷமாக வழக்கு.
கிணறு வற்றி ஐந்து வருஷம் ஆகிறது.

சமாதானம் பேசப் போனவள் இல்லை நான்.
பிரஷர் பார்த்து
மாத்திரை எண்ணிக் கொடுக்கப் போனவள்.
பட்டை இறுகும்போது பேசக்கூடாது என்பேன்.
அப்போதுதான் பெரியவர்
கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்:
"அவனுக்கு எவ்ளோ?"

சொல்லக்கூடாது. நோட்டில் எழுதுவதுதான் வேலை.
"உங்கள விட ரெண்டு கம்மி" என்றேன்.
"அதுலயாச்சும் எனக்குப் பின்னாடி நிக்கறானே."

அடுத்த கதவில் என் முதல் பொய்:
"ராத்திரி மாத்திரைய ஒழுங்கா போடறீங்களான்னு
அண்ணன் கேட்டாரு."
அவர் பதில் பேசவில்லை.
"மிஷின் தப்பா காட்டுது,
இன்னொரு வாட்டி பாரும்மா" என்று
கையை மட்டும் நீட்டினார்.

ஆடியில் ஒரு பொய். ஐப்பசியில் மூன்று.
தம்பி எனக்கென்று கொடுத்த
முள்ளுக்கத்தரிக்காயில் பாதியை
அண்ணன் வீட்டு முறத்தில் கொட்டி
"அங்கேருந்து" என்றேன்.
அது முழுப்பொய்யும் இல்லை.
காம்பு முள் ஒன்று கட்டைவிரலில் ஏறி
இரண்டு நாள் இருந்தது.

மார்கழியில் துரைக்கண்ணுக்கு வாய் கோணியது.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி வராந்தாவில்
மூன்று இரவு ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவர்
சாரங்கபாணி.
நாக்கு திரும்பியதும்
கணக்குப் பார்த்திருக்கிறார்கள் இருவரும்.
"நானா கேட்டேன்?"
"கத்தரிக்காயா? நான் எப்ப குடுத்தேன்?"

எட்டு வருஷத்தில்
அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் நான்.

சுகாதார நிலையத்து டாக்டர்
மனுவை என் பக்கம் திருப்பி வைத்தார்.
'மேற்படி பெண் இல்லாததைச் சொல்லி
குடும்பத்தில் குழப்பம் செய்வதால்...'
அதற்கு மேல் நான் படிக்கவில்லை.
கீழே இரண்டு கையெழுத்து,
ஒன்று நடுங்கி, ஒன்று அதைத் தாங்குவது போல
ஒட்டிக்கொண்டு.
ஒரே பேனா.
முதலில் போட்டவருக்கு மை தெளிவு,
அடுத்தவர் உதறி எழுதியிருக்கிறார்.

"இன்னா சிரிக்கற?" என்றார் டாக்டர்.

இப்போது எனக்கு ஒடுகத்தூர்ப் பக்கம்.
இலவம்பாடி வழியாகத்தான் பஸ்.
இறங்குவதில்லை.
ஜன்னலில் பார்த்தால்
ஒரு கதவு சாத்தியிருக்கிறது,
இன்னொன்றின் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு.

அந்த வளைவு தாண்டும்வரை
என் பிரஷர் எவ்வளவு இருக்கும் என்று
யாரும் பார்த்ததில்லை.