மூன்றரை மூட்டை

தை பிறந்து நாலாம் நாள்
கேத்திப் பள்ளத்தாக்கில் புல்லெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
ஷெட்டுக்குள் என் வண்டி,
இரண்டே பேர் உட்காரும் அறுபத்தேழாம் வருஷத்து எம்.ஜி.,
வயிற்றில் வெறும் தண்ணீரோடு இரவைக் கழித்தது.
தண்ணீர் உறைந்தது, உறைந்தது விரிந்தது,
விரிந்ததற்கு இடம் போதாமல்
வார்ப்பிரும்பு விட்டுக்கொடுத்தது:
விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.
பச்சைத் திரவம் இரண்டு லிட்டர் ஊற்றியிருந்தால் போதும்.
ஊற்றவில்லை. நான்தான்.

"இதயம் போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார் இம்தியாஸ்.
"வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.
இது எஞ்சின். வேற வாங்கலாம்.
எவ்வளவு பெருசு வேணும், அதைச் சொல்லுங்க."

பெருசு என்ற சொல்லை
கேரட் கழுவும் பட்டறைக்காரியிடம் எடுக்கக் கூடாது.
பதினாறு வருஷமாக லாரிப் புகைக்குப் பின்னால்
இரண்டாம் கியரில் ஊர்ந்தவள்.
ஒரு தடவை, ஒரே ஒரு தடவை,
முன்னால் முனகும் தக்காளி லாரியை
நினைத்த மாத்திரத்தில் தாண்ட வேண்டும்.

உக்கடத்தில் ஒருவன் கான்டெசாவின் இசுசு இருக்கிறது என்றான்,
எண்ணெய்கூடத் துடைக்காமல் படம் அனுப்பினான்.
கோத்தகிரி எஸ்டேட்டில் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில்
தார்பாய் போர்த்திய எட்டு சிலிண்டர்,
எந்த லாரியிலிருந்து கழற்றியதோ.
அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமில்லை.
புதுப்பேட்டையில் ஜப்பான் டர்போ,
கழுத்தோரம் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள்.
அது அழகாகவே படவில்லை.

இம்தியாஸ் கணக்குப் போட்டார்:
மேட்டுப்பாளையத்தில் இருநூறு குதிரை கிளம்பினால்
பர்லியாரில் பதினைந்து இறங்கிக்கொள்ளும்,
குன்னூரில் இன்னொரு பதினைந்து,
கேத்தி வந்து எண்ணினால் நூற்றறுபது.
காற்று மெலிந்த ஊர். மலை தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.
நத்தை மட்டும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளுமாம்.
"எட்டு சிலிண்டரே போடுங்க,
குடுத்தது போக மிச்சம் இருக்கும்" என்றேன்.

அவர் பேசாமல்
வர்க்கிப் பெட்டி அட்டைகளைக் கிழித்து ஒட்டி
அளவு பிசகாமல் ஓர் எஞ்சின் செய்தார்.
பானெட்டுக்குள் இறக்கினோம்.
ஸ்டீயரிங் ராடு இடித்து ஓரங்குலம் நசுங்கியது.
"அட்டை நசுங்கும். இரும்பு நசுங்காது."
"வெட்டிக்கலாம்" என்றேன்,
என் வண்டியைப் பற்றி, தயங்காமல்.

அப்புறம்தான் மூட்டைகள்.
எடை தெரியணும் என்றார். எடைக்கு என்னிடமா பஞ்சம்?
எண்பது கிலோ மூட்டை மூன்றரையை
எஞ்சின் இல்லாத குழியில் திணித்து
பட்டறைச் சரிவில் விட்டோம். நான் உள்ளே.

சத்தமே இல்லை.
டயர் சரளையைக் கொறிப்பது மட்டும் கேட்டது.
வளைவில் திருப்பினேன்.
சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை.
மூக்கு தன் பாட்டுக்கு நேரே போய்
தேயிலைச் செடிக்குள் நுழைந்து நின்றது,
பிரேக்கை மிதித்த கால் இன்னும் மிதித்தபடியே.

ஒன்றரை மூட்டையை இறக்கிவிட்டு மறுபடி.
அதே சரிவு, அதே கை.
வளைவு வந்தது.
வளைந்து முடித்த பிறகுதான் வளைந்தது எனக்குத் தெரிந்தது.
இரண்டு மூட்டை: அந்த நத்தையின் எடை.

கீழே போனதை மேலே ஏற்றப்
பட்டறையே திரண்டு வந்தது,
ரெஜினா, தெய்வானை, மாதி, சகாயமேரி, மற்றவர்களும்,
முழங்கை வரை சேறும் ஈரமும்.
சகாயமேரி கெட்ட வார்த்தையில் தாளம் சொன்னாள்.
ஒரே மூச்சு. வண்டி ஏறிய வேகத்தில்
நான் குறுக்கே நின்றிருந்தால் போயிருப்பேன்.
இம்தியாஸ் தலைகளை எண்ணினார்.
"பாத்துக்குங்க, உங்க எட்டு சிலிண்டர்."

முன்பணம் புதுப்பேட்டைக்குப் போய்விட்டது.
சித்திரை என்கிறான், வைகாசி என்று வைத்துக்கொள்கிறேன்.
ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஞ்சின் எண் மாற்றுவது தனிக் கதை.
அட்டை எஞ்சினுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.
மூட்டையிலிருந்து சிதறிய கேரட் ஒன்று
சேஸ் இடுக்கில் முளைவிட்டிருக்கிறது, எடுக்கவில்லை.
அடுத்த உறைபனிக்கு இன்னும் எட்டு மாதம்.
பச்சைத் திரவம் இரண்டு லிட்டர்
வாங்கி அலமாரியில் வைத்தாகிவிட்டது,
எஞ்சினுக்கு முன்பாகவே.