திருத்தப்பட்ட பிரதி

ஏப்ரல் கடைசி. சோளம் ஒடிக்கும் நாள்.
ஜோம்பா சந்தையில்
என் கருவாட்டுத் தட்டுக்கு எதிரே
செல்போன் கார்டு விற்கும் பையன்
ரேடியோவின் காதைத் திருகினான்:
மலாவியில் இனி மரண தண்டனை செல்லாது.

யாருக்கும் அது பெரிய சேதியில்லை.
தக்காளிக்காரி தக்காளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நான் மட்டும்
அளந்த கோப்பையைக் கவிழ்க்க மறந்து நின்றேன்.

ஒன்பது வருஷமாக
மலையடிவாரத்துச் செங்கல் மதிலுக்குள்
என் புருஷன் ஜைலோசி.
ஒரு சைக்கிளுக்காக
பிட்சனை மண்வெட்டியால் அடித்தவன்.
செய்யவில்லை என்று அவன் சொன்னதில்லை.
நானும் சொல்லமாட்டேன்.

இந்த நாட்டில் கடைசியாகக் கயிறு இறங்கியபோது
எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.
அதற்குப் பிறகு எந்த அதிபரும் கையெழுத்திடவில்லை.
"ஏட்டுச் சுரைக்காய், பயப்படாதே" என்றார் வக்கீல்.
கறிக்கு ஆகாதுதான் ஐயா.
கொடி அவன் கழுத்தில் அல்லவா படர்ந்திருக்கிறது.

மே மாதம் பார்க்கப் போனேன்.
தூக்குவாளியைத் திறந்து, கரண்டியால் கிளறி,
உள்ளே கூழ்தான் என்று உறுதிசெய்து
வார்டர் அனுப்பினார்.
கம்பிக்கு அந்தப் பக்கம் ஜைலோசி கேட்டான்:
"அடுத்த மழைக்கு என்ன விதைக்கப்போகிறாய்?"
அடுத்த மழை.
அந்தச் சொல்லை அவன் வாயில்
ஒன்பது வருஷத்தில் அன்றுதான் கேட்டேன்.
நிலக்கடலை என்றேன்.
கிழக்கு மூலையில் போடு, அங்கேதான் மண் பொலபொலக்கும் என்றான்.
வரும் வழியில்
நீலத்தில் கினிக்கோழி அச்சிட்ட துணி
இரண்டு முழம் கூடவே வாங்கினேன்.

ஆகஸ்ட். அதே பையன், அதே ரேடியோ.
ஏப்ரலில் பேசியது நீதிமன்றம் இல்லையாம்.
ஒரு நீதிபதியின் சொந்தக் கருத்தாம்.
திருத்தப்பட்ட பிரதி
வெளியாகிவிட்டதாம்.

"எழுத்துப் பிழையா?" என்றேன்.
பையன் பேட்டரியைக் கழற்றி
வெயிலில் வைத்தான்.

நான்கு மாதம்.
நிலக்கடலை காய்க்கவே அவ்வளவு ஆகும்.

மாலையில் ஃபலேசி வந்தாள்.
பிட்சனின் அக்கா.
ஏப்ரலிலிருந்து என் தட்டுப் பக்கம்
தலைவைத்துப் படுக்காதவள்.
இரண்டு கோப்பை கேட்டாள்.
அளந்தேன். கொசுறாக ஒரு பிடி போட்டேன்.
அதைப் பொறுக்கியெடுத்துத் தட்டிலேயே வைத்தாள்,
தலையுடைந்த மீன் உட்பட
ஒவ்வொன்றாக.

காசு சரியாக இருந்தது.
போகவில்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள்.

"உள்ளே இருப்பவனுக்கு," என்றாள்,
பெயரைச் சொல்லாமல்,
"யார் போய்ச் சொல்வது?"

சனிக்கிழமைதான் பார்வையாளர் நாள்.
அன்று புதன்.