மூன்றாவது வரிசை

மின்கட்டண உறையின் முதுகில்
கணக்குப் போடுகிறாள் வெண்டலின்.
ஆர்லோ வேலைக்குப் போய்வர
வாரம் இருநூறு மைல்.
சின்னக் காருக்கு மாறினால்
மாதம் எழுபது டாலராவது மிஞ்சும்.

‘ஜனவரியில் அந்த மேட்டில் ஏறுமா?’
‘ஜனவரி ஒரு மாதம்தானே.’
‘டுலூத்தில் அது ஏப்ரல் வரை.’

டீலர் வண்டியைச் சுற்றிவந்தான்.
மூன்றாவது வரிசையைத் தூக்கியதும்
ஹாக்கிப் பையின் பழைய வியர்வை,
ஒற்றைக் கையுறை,
இரட்டையரில் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்.
ஒன்பதாயிரம் என்றான்.
கடன் பாக்கியே பதினோராயிரம்.

இருந்தாலும்
சின்னதை ஓட்டிப் பார்த்தார்கள்.
சிக்னலில் நின்றபோது
எஞ்சின் தானாக அணைந்தது.
அவ்வளவு அமைதியில் அவர்கள்
பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து
வெகுநாளாயிற்று.

சிவப்பைப் பார்த்தபடியே ஆர்லோ சொன்னான்:
‘மார்ச்சிலிருந்து எனக்கு
மூன்று நாள்தான் வேலை.
கப்பல் குறைவாம்.’

பனி பெய்யவில்லை.
வைப்பரைப் போட்டாள், நிறுத்தினாள்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

கைப்பையில் உறையைத் துழாவிக்கொண்டே
‘அப்படியென்றால்
நூற்றிருபது மைல்’ என்றாள்,
‘போ,
முதலில் நம் வண்டியை எடுப்போம்.’